சுங்குடிப் புள்ளியை கம்ப்யூட்டர்ல வரையலாமா?

பேசினதை அப்படியே ஏத்தாம, திரும்பத் திரும்பச் சொன்னதை வெட்டி, கொஞ்சம் ஒழுங்குபடுத்தின எழுத்து வடிவம் இது.

வழக்கமா நாம இங்க பேசுற கோடு வேற, இன்னைக்குப் பேசப்போற கோடு வேற. இன்னைக்கு நிஜமான கோடு. வளையுற கோடு. ஒரு பிளவுஸ் கழுத்து, ஒரு சுங்குடிச் சேலை, இது ரெண்டையும் கம்ப்யூட்டர்ல வரையக் கத்துக்கிற கதை.

ஃபேஷன் டிசைன் பக்கம் போக ஆசைப்படுறவங்க பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேக்குறாங்க. "எனக்கு வரையவே வராது. ஏதாவது சாஃப்ட்வேர் கிளாஸ்ல சேந்தா சரியாகிடுமா?" என் பதில், கை வரையலைன்னா பரவாயில்லை. வெக்டர் வரைகலைங்கிறது படம் வரையுறதே இல்லை. எந்த இடத்துல புள்ளி வைக்கணும்னு முடிவு பண்றது. நம்ம ஊர்ல கோலம் போட்டு வளர்ந்த எல்லாருக்கும் அந்த மூளை ஏற்கெனவே இருக்கு.

முதல்ல வெக்டர்னா என்னன்னு சுருக்கமா பாத்துடலாம். உங்க போன்ல எடுத்த போட்டோவைப் பெருசாக்கிட்டே போனா ஒரு கட்டத்துல சதுரம் சதுரமா உடையும். ஏன்னா அது கலர் கட்டங்களோட குவியல். வெக்டர் ஃபைல்ல கட்டமே கிடையாது, குறிப்பு மட்டும்தான் இருக்கும். "இங்க ஆரம்பி, அங்க முடி, நடுவுல இந்தப் பக்கமா வளை, உள்ளுக்குள்ள சிவப்பு அடி." நீங்க பெருசாக்கினா கம்ப்யூட்டர் அந்தக் குறிப்பைப் படிச்சு மறுபடி வரையும். விசிட்டிங் கார்டுல இருக்கிற அதே லோகோ காதுகுத்து ஃபிளெக்ஸ்ல இருபது அடிக்குப் போனாலும் உடையாம நிக்கிறது இதனாலதான். உங்க போன்ல தெரியுற தமிழ் எழுத்துகளும் இப்படி வளைகோடுகளாத்தான் சேமிச்சிருக்கும். 'ழ'வோட கடைசிச் சுழியை ஒருத்தர் உக்காந்து புள்ளி புள்ளியா வெச்சிருக்கார்.

இப்ப கோலத்துக்கு வருவோம். நம்மகிட்ட ரெண்டு வகை புள்ளிக் கோலம் இருக்குல்ல? ஒண்ணுல கோடு நேரா புள்ளி வழியாவே போகும். புள்ளியையும் புள்ளியையும் இணைச்சு தாமரை, மயில்னு வரும். இன்னொண்ணு சிக்குக் கோலம். அதுல கோடு புள்ளியைத் தொடவே தொடாது, சுத்திக்கிட்டுப் போகும். ஆனா புள்ளி இல்லைன்னா கோட்டுக்கு வடிவமே இல்லை.

வெக்டர் சாஃப்ட்வேர்ல இருக்கிற பென் டூலை எடுத்தா இந்த ரெண்டு வகைப் புள்ளியும் ஒரே கோட்டுல வரும். கோடு எந்தப் புள்ளி வழியாப் போகுதோ அதுக்கு நோடுன்னு பேரு. அந்த நோடுல இருந்து கொம்பு மாதிரி ஒரு குச்சி நீட்டிக்கிட்டு இருக்கும், அது ஹேண்டில். ஹேண்டிலோட நுனி வழியா கோடு பொதுவா போகாது. ஆனா அந்த நுனி எந்தப் பக்கம், எவ்வளவு தூரத்துல இருக்கோ அதுக்குத் தக்கபடி கோட்டை இழுத்து வளைக்கும். பென் டூல் பயமா இருக்குன்னு சொல்ற பாதிப் பேருக்கு இந்த ஒரு வித்தியாசத்தைத்தான் யாரும் சொல்லிக் குடுத்திருக்க மாட்டாங்க.

நம்பிக்கை வரலைன்னா பேப்பர்ல செஞ்சு பாருங்க. நாலு புள்ளி வைங்க. முதலும் கடைசியும் நோடு, நடுவுல ரெண்டும் ஹேண்டில் நுனி. வரிசையா இணைச்சா மூணு நேர்கோடு வரும். மூணோட நடுப்புள்ளியையும் குறிங்க, இணைங்க, ரெண்டு கோடு வரும். அந்த ரெண்டோட நடுப்புள்ளியைக் குறிச்சு இணைச்சா ஒரே கோடு. அதோட நடுப்புள்ளி இருக்கே, அது அந்த வளைவு மேலயே உக்காந்திருக்கும். இவ்வளவுதான் கணக்கு. 1959-ல பிரான்ஸ்ல சித்ரோயன் கார் கம்பெனியில வேலை பாத்த பால் த காஸ்தல்ஜோ இதைக் கண்டுபிடிச்சார். கம்பெனி ரகசியமாவே வெச்சுக்கிச்சு. கொஞ்ச நாள் கழிச்சு, போட்டிக் கம்பெனி ரெனோவுல இருந்த பியர் பெசியே தனியா இதே வளைவுக்கு வந்து, கட்டுரை எழுதி வெளிய சொன்னார். பேரு அவருக்குப் போயிடுச்சு, இன்னைக்கும் பெசியே வளைவுதான். ரெண்டு பேருமே கார் பாடிக்காகத்தான் மண்டையை உடைச்சுக்கிட்டாங்க. அதே கணக்குலதான் இன்னைக்கு நாம பிளவுஸுக்குக் கழுத்து வரையுறோம்.

கோலத்தைக் கம்ப்யூட்டர் கணக்கோட சேத்தது என் சொந்தச் சரக்குன்னு நினைச்சுக்காதீங்க. 1974-லயே தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில இருந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ரெண்டு பேரும் கமலா கிருத்திவாசனோட சேந்து, கோலத்தை இலக்கண விதியா எழுத முடியும்னு ஆய்வுக் கட்டுரையே போட்டிருக்காங்க. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்ச நமக்கு நாலு வருஷத்துல ஒரு தடவைகூட இதை யாரும் சொல்லலைங்கிறது தனிக் கதை.

சரி, கழுத்துக்கு வாங்க. பானைக் கழுத்தை எடுத்துக்கலாம். மேல குறுகி, நடுவுல அகண்டு, கீழ உருண்டு வரும். புதுசா கத்துக்கிறவங்க இதுக்கு இருபது நோடு வைப்பாங்க. கோடு நடுங்கும். ஒரு நோடைத் தள்ளினா பக்கத்துல இருக்கிறது முறைக்கும். உண்மையில பாதிக் கழுத்துக்கு மூணு நோடு போதும். தோள்பட்டையில ஒண்ணு, பானையோட வயிறு எங்க ரொம்ப அகலமா இருக்கோ அங்க ஒண்ணு, கீழ நடுக்கோட்டுல ஒண்ணு. வளைவு எந்த இடத்துல திசை திரும்புதோ அங்கதான் நோடு இருக்கணும். வயிறு நோடோட ஹேண்டில் ரெண்டும் செங்குத்தா மேலயும் கீழயும் போகணும். நடுக்கோட்டு நோடோட ஹேண்டில் படுக்கையா இருக்கணும்.

அந்தப் படுக்கை ஏன் முக்கியம்னா, நாம பாதி மட்டும்தான் வரையுறோம். மீதியைக் காப்பி எடுத்து இடவலமாத் திருப்பி ஒட்டப்போறோம். ஹேண்டில் கொஞ்சம் சாஞ்சிருந்தாலும் ரெண்டு பாதியும் சேருற இடத்துல ஒரு கூர் விழும். பானைக் கழுத்து இதயக் கழுத்து ஆகிடும். கண்ட்ரோல் விசையை அழுத்திக்கிட்டே ஹேண்டிலை இழுத்தா அது சாயாது. முதல் வாரம் முழுக்க இந்த ஒரு கழுத்தை மட்டும் பத்துத் தடவை வரையுங்க. அதுக்கப்புறம் போட் நெக், யு கழுத்து, ஆர்ம்ஹோல் எல்லாம் தானா வரும்.

போட்டோவை உள்ள போட்டு ஒரு பட்டனைத் தட்டினா வெக்டரா மாத்திக் குடுக்கிற வசதியும் இருக்கு, ட்ரேஸ்னு பேரு. நெட்ல பாதி வீடியோ அதைத்தான் வித்துக்கிட்டிருக்கு. ஒரு சாதா கழுத்துக்கு நூத்துக்கணக்குல நோடு வந்து விழும், அப்புறம் ஒண்ணைக்கூடத் திருத்த முடியாது. கத்துக்கிற காலத்துல அந்தப் பட்டன் பக்கமே போகாதீங்க.

எந்த சாஃப்ட்வேர்னு கேப்பீங்க. என் ஓட்டு இங்க்ஸ்கேப்புக்கு. இலவசம், ஓப்பன் சோர்ஸ், 2003-ல ஆரம்பிச்சு இன்னும் உயிரோட இருக்கு, பழைய லேப்டாப்லயும் ஓடும். இல்லஸ்ட்ரேட்டருக்கு மாசா மாசம் சந்தா கட்டணும். நம்ம ஊர் ஃபிளெக்ஸ் கடை, கல்யாணப் பத்திரிகைக் கடை எல்லாம் கோரல் டிராவுல ஓடுது. அங்க ராத்திரி பத்து மணிக்கு நாளைக்கு வைக்கிற பேனரை முடிச்சுக்கிட்டு இருக்கிற அண்ணன்களைவிட வேகமா பென் டூல் ஓட்டுறவங்களை நான் பாத்ததில்லை. திருப்பூர் ஏற்றுமதிக் கம்பெனிகள்ல வேலைக்குப் போகணும்னா இல்லஸ்ட்ரேட்டரோ கோரலோ தெரியணும்னு கேப்பாங்க, அது உண்மைதான். ஆனா நோடு, ஹேண்டில், லேயர் மூணும் எல்லாத்துலயும் ஒண்ணுதான். மாறுறது மெனு இருக்கிற இடம். அதுக்கு ரெண்டு வாரம் போதும். இங்க்ஸ்கேப்புக்கு ஒரு பலவீனம் உண்டு, அச்சுக்குக் கலர் பிரிக்கிற வேலையில அது கொஞ்சம் மந்தம். அந்தக் கட்டம் வரும்போது பாத்துக்கலாம்.

இங்க ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லணும், ஏன்னா துணி வீணாகுறது இங்கதான். நாம இப்ப வரைஞ்சது ஃபிளாட். அதாவது அந்த பிளவுஸை மேஜை மேல விரிச்சு வெச்சு மேல இருந்து பாத்தா எப்படித் தெரியுமோ அந்தப் படம். தையல் எங்க வருது, கொக்கி எங்க, பட்டி எவ்வளவு அகலம்னு டெய்லருக்கு சொல்ற குறிப்பு அது. அதை அப்படியே பெருசா பிரிண்ட் போட்டு துணி மேல வெச்சு வெட்டக் கூடாது. உடம்பு தட்டை இல்லை. மார்புக்கு டாட் பிடிக்கணும், கை தூக்க இடம் விடணும், தையலுக்கு உள்ள துணி விடணும். அந்தக் கணக்கெல்லாம் இருக்கிறது வெட்டு பேட்டர்ன்ல, அது வேற வரைபடம். அதுக்கு சீம்லி 2டி மாதிரி இலவச சாஃப்ட்வேர் தனியா இருக்கு. மார்பளவு 34-ஐ 36 ஆக்கினா, நீங்க எழுதி வெச்ச சூத்திரப்படி மொத்தக் கோடும் நகரும். புரோகிராம் எழுதுறவங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். வெட்டு பேட்டர்னை பிரிண்ட் எடுக்கும்போது ஓரத்துல 10 சென்டிமீட்டர் சதுரம் ஒண்ணு வரைஞ்சு வைங்க, பிரிண்ட் வந்ததும் ஸ்கேல் வெச்சு அளங்க. பிரிண்டர் 'பேப்பருக்குள் அடக்கு'ன்னு தன் இஷ்டத்துக்குச் சுருக்கியிருந்தா அங்கயே மாட்டிக்கும்.

இந்த ஃபிளாட்டுக்கும் வெட்டுக்கும் நடுவுல இருக்கிற தூரம் புரியணும்னா கீபோர்டை விட்டு எந்திரிச்சு வெளிய போங்க. மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிர்ல, திருமலை நாயக்கர் கட்டின புதுமண்டபத்துல தூணுக்குத் தூண் டெய்லர் மெஷின் ஓடிக்கிட்டு இருந்தது பல பேருக்கு ஞாபகம் இருக்கும். சில வருஷம் முன்னாடி அந்தக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாத்திட்டாங்க. சித்திரைத் திருவிழாவுக்கு கள்ளழகர் வேஷம் போடுறவங்களுக்கு உடுப்பு தைக்கிற கைகள் அவங்களோடது. பேப்பர் பேட்டர்ன் எதுவும் இல்லாம, ஆளைப் பாத்து, டேப்பைச் சுத்தி, சாக்பீஸால துணி மேல நேரா கோடு போடுறதை ஒரு தடவை நின்னு பாருங்க. அந்த சாக்பீஸ் வளைவு எங்க திரும்புதோ அங்கதான் உங்க நோடு இருக்கணும்.

இப்ப தலைப்புக்கு வர்றேன். சுங்குடி.

மதுரைச் சுங்குடிக்கு 2005-ல புவிசார் குறியீடு கிடைச்சது. பருத்திச் சேலை, உடம்பு முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளி. அந்தப் புள்ளி வரைஞ்சது இல்லை, கட்டினது. துணியில ஒரு இடத்தை நக நுனியால கிள்ளித் தூக்கி, நூலை இறுக்கிச் சுத்தி முடிச்சுப் போட்டு, மொத்தச் சேலையையும் சாயத்துல முக்குவாங்க. காஞ்சதும் முடிச்சை அவிழ்த்தா, நூல் இருந்த இடத்துல சாயம் ஏறாம ஒரு வளையம் தெரியும். நாயக்கர் காலத்துல மதுரையில நிலைச்ச சௌராஷ்டிர சமூகத்தோட கைவேலை இது. கட்டுற வேலையைப் பெரும்பாலும் பெண்கள் வீட்டுல உக்காந்து செஞ்சாங்க. இன்னைக்குக் கடையில சுங்குடின்னு தொங்குறதுல பெரும்பங்கு மெழுகு அச்சு இல்லன்னா ஸ்கிரீன் பிரிண்ட். கையால கட்டினது தேடித்தான் வாங்கணும்.

இதை இங்க்ஸ்கேப்ல செய்யுறது ரொம்ப லேசு. 4 சென்டிமீட்டர் சதுரம் ஒண்ணு வரைங்க. நடுவுல ஒரு புள்ளி, நாலு மூலையிலயும் ஒவ்வொரு புள்ளி. மூலைப் புள்ளிகள்ல சதுரத்துக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிறதை வெட்டிடுங்க, கால் கால் புள்ளியா மிஞ்சும். இந்தச் சதுரத்தைத் தரை ஓடு மாதிரி பக்கத்துல பக்கத்துல ஒட்டினா நாலு கால் சேந்து ஒரு முழுப் புள்ளி ஆகிடும், இணைப்பே தெரியாது. சாஃப்ட்வேர்ல இதுக்கும் பேட்டர்ன்னுதான் பேரு. வெட்டு பேட்டர்னோட குழப்பிக்காதீங்க, ஒரே வார்த்தையை ரெண்டு தொழிலும் பங்கு போட்டுக்கிச்சு. முந்தானை ஒரு லேயர், பார்டர் ஒரு லேயர், உடல் ஒரு லேயர்னு வெச்சுக்கிட்டா மதியத்துக்குள்ள முழுச் சேலை ஸ்கிரீன்ல விரிஞ்சிடும்.

ஆனா ஒவ்வொரு புள்ளியும் ஒரே மாதிரி இருக்கிறதால அது பாத்திரக் கடை ஸ்டிக்கர் மாதிரி தெரியும். அதுக்கும் வழி இருக்கு. ஓடு பதிச்ச மாதிரி நகல் எடுக்கிற வசதியில, ஒவ்வொரு நகலும் எவ்வளவு தாறுமாறா சாயலாம், எவ்வளவு சின்னதாகலாம்னு சதவீதம் குடுக்கலாம். அஞ்சு பர்சென்ட் போட்டா போதும், கையால கட்டின மாதிரியே ஒரு நடுக்கம் வந்துடும். அதை டிஜிட்டல் பிரிண்ட் குடுத்து, இன்ஸ்டாகிராம்ல 'கைத்தொழில் சுங்குடி'ன்னு போட்டு விக்கலாம். யாரு கேக்கப்போறாங்க?

எனக்கு இது பிடிக்கலை. பிரிண்ட் மட்டம்னு நான் சொல்ல வரலை. பிரிண்டை பிரிண்ட்னு சொல்லி வித்தா அது நல்ல தொழில், கல்லூரிப் பிள்ளைங்க வாங்குற விலைக்கு வரும். நடுக்கத்தைச் செயற்கையாச் சேக்குறது எதுக்குங்கிறதுதான் கேள்வி. ஒரு மனுஷி உக்காந்து கட்டினாங்கன்னு வாங்குறவங்களை நம்ப வைக்கத்தான். அந்த நம்பிக்கைக்குக் கிடைக்கிற கூடுதல் காசு கட்டினவங்களுக்குப் போகாது, ஃபைல் வெச்சிருக்கிறவருக்குப் போகும். வாங்குறவங்களுக்கு ஒரு குறிப்பு: முக்கிச் சாயம் ஏத்தின துணியில ரெண்டு பக்கமும் நிறம் ஒரே அழுத்தமா இருக்கும், முடிச்சு போட்ட இடத்துல சின்னச் சுருக்கம் நிக்கும். மேல அடிச்ச பிரிண்ட்ல பின்பக்கம் பொதுவா மங்கலா இருக்கும்.

அப்போ வெக்டரால கைக்கட்டுச் சுங்குடிக்கு உபயோகமே இல்லையான்னா, இருக்கு. திட்டம் போடுறதுக்கு. குஜராத் பக்கம் பந்தனி கட்டுறவங்க, டிசைனை பிளாஸ்டிக் ஷீட்ல ஊசித் துளையாப் போட்டு, துணி மேல விரிச்சு, துவைச்சா போற கலரைத் தேச்சு, முடிச்சு வர்ற இடத்தைக் குறிச்சுக்குவாங்க. அந்தத் துளை ஷீட்டுக்கு உங்க வெக்டர் ஃபைல் அளவு பிசகாம நிக்கும். புதுக் கட்டம், புது முந்தானை எல்லாம் ஸ்கிரீன்ல பத்து விதமாப் போட்டுப் பாத்து, பிடிச்ச ஒண்ணை மட்டும் துணிக்குக் கொண்டுபோகலாம்.

இன்னொரு உபயோகம், அதைத்தான் நான் பெருசா நினைக்கிறேன். எண்ணிக்கை. சேலை அஞ்சரை மீட்டர் நீளம், 114 சென்டிமீட்டர் அகலம்னு வெச்சுக்குவோம். கணக்குக்கு லேசா, 2 சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளின்னு நேர் வரிசையா வெச்சா நீளத்துல 275, அகலத்துல 57. பெருக்கினா 15,675 புள்ளி. இப்ப "கொஞ்சம் நெருக்கமா இருந்தா அழகா இருக்கும்"னு இடைவெளியை ஒன்றரை சென்டிமீட்டர் ஆக்குறீங்க. உங்களுக்கு அது ஒரு கட்டத்துல ஒரு எண்ணை மாத்துற வேலை, ஒரு செகண்ட். புள்ளி 27,816 ஆகிடுச்சு. ஒரு முடிச்சுக்குப் பத்து செகண்ட்னு பேச்சுக்கு வெச்சுக்கிட்டா, முதல் சேலை சுமார் 43 மணி நேரம், ரெண்டாவது 77 மணி நேரம். துணியை ரெண்டா மடிச்சுக் கட்டினா ஒரு முடிச்சுக்கு ரெண்டு புள்ளி, நேரம் பாதியாகும். ஆனா ரெண்டு சேலைக்கும் நடுவுல இருக்கிற விகிதம் மாறாது. உங்க ஒரு செகண்ட், இன்னொருத்தரோட நகத்துல முக்கால் பங்குக்கு மேல கூடுதல் வேலை. சேலைக்கு இவ்வளவுன்னு ஒரே ரேட் பேசியிருந்தா அந்தக் கூடுதல் வேலை முழுக்க இலவசமாப் போகும்.

ஃபிளாட்டோட சேத்து டெய்லருக்கோ தொழிற்சாலைக்கோ குடுக்கிற தாளுக்கு டெக் பேக்னு பேரு. துணி என்ன, நூல் என்ன, கலர் என்ன, பட்டன் எத்தனைன்னு அதுல வரிசையா இருக்கும். கையால கட்டுற டிசைனுக்கு நீங்க டெக் பேக் போட்டா அதுல ஒரு வரி கூடச் சேருங்க: மொத்த முடிச்சு இத்தனை, மடிப்பு இத்தனை, முடிச்சுக்குக் கூலி இவ்வளவு. இங்க்ஸ்கேப்ல உடல் லேயர்ல எல்லாப் புள்ளியையும் தேர்ந்தெடுத்தா கீழ இருக்கிற பட்டையில எத்தனைன்னு அதுவே காட்டும். பேட்டர்னா நிரப்பியிருந்தா காட்டாது, அதனால எண்ணிக்கை வேணும்னா ஓடு வசதியில தனித்தனி நகலாப் போடுங்க. பதினஞ்சாயிரம் பொருளைத் தூக்கும்போது பழைய லேப்டாப் கொஞ்சம் திணறும். ஒரு டீ குடிச்சுட்டு வாங்க, முடிச்சிருக்கும்.